எட்டாம் வகுப்பைத் தரையில் உட்காரவைத்தது யார்?

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் வாலு எழுதுகிறேன். இங்கே நானும் இவரும் சுகம். குட்டிக்கு இரண்டு நாளாக இருமல், இன்று பரவாயில்லை. நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போகிறாயா? போனில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் கடிதம். இதிலும் பேச்சை மாற்றினால் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் பள்ளிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. நம் பள்ளியும் வெளிநாட்டுப் பள்ளி ஒன்றும் ஜோடி சேர்ந்து விண்ணப்பித்தால் இரண்டு வருடத்துக்கு நிதி உண்டு. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் சேர்ந்து ஏதாவது ஒரு வேலை செய்ய வேண்டும். முதல் வருடம் இங்கிருந்து இரண்டு ஆசிரியர்கள் மூன்று வாரம் அங்கே போய்த் தங்கலாம், அங்கிருந்து இரண்டு பேர் இங்கே வரலாம். எங்கள் தலைமையாசிரியர் அதைப் படித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டார். அவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் மைக் செட். "நமக்கெல்லாம் எங்க டீச்சர் குடுக்கப் போறாங்க" என்று அவர் மெதுவாகச் சொன்னது வாசல் கேட் வரைக்கும் கேட்டிருக்கும். அவர் சாப்பிடப் போனதும் கூடையிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? நீ வேலை செய்கிற இடமும் பள்ளிக்கூடம்தானே. சமையலறையாக இருந்தால் என்ன, தினமும் அந்த டீச்சர்களுக்குத் தட்டு நீட்டுகிறாய். யாரிடமாவது ஒரு வார்த்தை கேள். குடியுரிமைத் தாள் கைக்கு வரும்வரை நீ அந்த நாட்டைவிட்டு வெளியே கால் வைக்க முடியாது. என் சம்பளத்தில் நான் அங்கே வருவதும் நடக்கிற காரியம் இல்லை. இப்படியே பதினொரு வருடம் ஓடிவிட்டது. குட்டி உன்னைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள்.

சொல்லிக்கொள்ளும்படி நம்மிடம் நிறைய இருக்கிறது. என் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், வருடத்துக்கு வருடம் கைமாற்றி, ஆறு வருடமாக ஒரு நாள் விடாமல் மழையையும் வெயிலையும் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். லீவு நாளில்கூட முறைவைத்து வருகிறார்கள். அப்புறம், பெஞ்சு வந்துவிட்டது அக்கா. நீயும் நானும் தரையில் உட்கார்ந்து தேய்த்த அதே பள்ளியில். இதற்காக இரண்டு வருடம் மாவட்ட அலுவலகத்துக்கு நடந்திருக்கிறேன். அங்கே ஒரு அதிகாரி, "தரையில உக்காந்தா என்னம்மா, நாங்கல்லாம் படிக்கலையா?" என்றார். "அப்ப முதல்ல நீங்க அந்த நாற்காலிய விட்டு இறங்குங்க சார்" என்றேன். மூன்றே மாதத்தில் பெஞ்சு வந்தது. வந்த அன்று மணி அடித்த பிறகும் பிள்ளைகள் வீட்டுக்குப் போகவில்லை.

சீக்கிரம் பதில் போடு. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தங்கை


ஜூன் 30

என் வாலுக்கு,

அக்கா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்துவிட்டேன். சரி, பார்க்கவில்லை, அடுத்த வாரம் கட்டாயம் பார்ப்பேன். குட்டியின் இருமல் நின்றதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்குச் சமையலறையில் இரண்டு தட்டை உடைத்தேன். இங்கே பூகோள டீச்சர் ஒருத்தி இருக்கிறாள். நல்ல உயரம், நான் மனசுக்குள் கொக்கு என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாவது டீக்கு என் ஜன்னலுக்கே வருகிறவள். அவளிடம் சொன்னதும், "உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்" என்று ஆசிரியர் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அந்த மேஜையை எட்டு வருடமாகத் துடைக்கிறேன், அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தது அன்றுதான். கையுறையைக் கழற்றி எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

ஒரு மணி நேரம் நம் பள்ளியைப் பற்றிக் கேட்டாள், கேட்கக் கேட்க நோட்டில் எழுதினாள். இன்னும் இரண்டு டீச்சர்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். உன் மழை நோட்டைப் பற்றித்தான் முதலில் சொன்னேன். அப்புறம் என்னென்னவோ பேசினேன். மறுநாளே அவர்கள் தலைமையாசிரியை சம்மதம் சொல்லிவிட்டார். விண்ணப்பத்தில் அவர்கள் பங்கை எழுதப்போவது கொக்குதான்.

நீ வந்தால் எங்கே படுக்கவைப்பது என்று அத்தான் இப்போதே அளவெடுத்துக்கொண்டிருக்கிறார். அவரை நம்பாதே, நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் அக்கா


ஜூலை 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமா என்று கேட்டால் நீ பாதிதான் சொல்வாய், இருந்தாலும் கேட்கிறேன். நலமா?

விண்ணப்பப் படிவம் வந்துவிட்டது. இருபத்தெட்டுப் பக்கம். குப்பைக்கூடையில் போட்ட அதே கை இப்போது சுற்றறிக்கையைச் சட்டம் போட்டு மாட்டாத குறை. வெளிநாட்டுப் பள்ளி கிடைத்துவிட்டது என்று தெரிந்த நிமிஷத்திலிருந்து மைக் செட்டுக்கு இது அவருடைய யோசனையாகிவிட்டது. ஆசிரியர் கூட்டத்தில் எழுந்து, "நம்ம ஸ்கூல்லேருந்து ரெண்டு பேர் போகலாம். ஒண்ணு நான். இன்னொண்ணு, இவ்வளவு ஓடியாடினதால, அறிவியல் டீச்சர்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினேன். எனக்கு ஓர் இடம் கிடைத்தால் போதும்.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் பள்ளியிடமிருந்து கூட்டாளிப் பள்ளி என்ன கற்றுக்கொள்ளும் என்று. அதைப் படித்தபோது எனக்கு அவர்கள் மேல் மரியாதையே வந்துவிட்டது. மழை நோட்டைப் பற்றி மூன்று பக்கம் எழுதினேன். ஒரே நாளில் இரண்டு நாட்டுப் பிள்ளைகளும் அளந்து, ஒருவருக்கொருவர் அனுப்பி, ஏன் வித்தியாசம் என்று கேட்டுக்கொள்ள வேண்டும், இதுதான் திட்டம். மைக் செட் படித்துவிட்டு, "இதெல்லாம் எதுக்கு டீச்சர், அவங்க நம்மகிட்ட வந்து என்னத்தக் கத்துக்கப் போறாங்க?" என்று கேட்டார். கேள்வி கேட்டவனே நம்மிடம் ஏதோ இருக்கும் என்று நினைக்கிறான். இந்த மனுஷன் ஒன்றும் இல்லை என்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை.

கொக்கு என்ன எழுதியிருக்கிறாள்? நீ படித்தாயா?

தங்கை


ஆகஸ்ட் 12

அன்புள்ள தங்கைக்கு,

நலம். இங்கே பள்ளி விடுமுறை, சமையலறையைக் கழுவிவிடும் வேலை மட்டும்தான். எனக்கு வேலைச் சான்று கொடுப்பதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். அது இல்லாமல் குடியுரிமைத் தாள் நகராது. கொடுத்துவிட்டால் இன்னும் ஒரு வருடத்தில் வந்துவிடும் என்கிறார்கள். இதே பேச்சைத்தான் போன வருடமும் கேட்டேன்.

விண்ணப்பத்தில் ரொம்ப ஜோராக எழுதாதே. கண் பட்டுவிடும். நிதி கொடுப்பவர்கள் தேவை அதிகம் உள்ள பள்ளியைத்தான் முதலில் எடுப்பார்களாம், கொக்கு சொன்னாள். பெஞ்சைப் பற்றியெல்லாம் அவ்வளவு விவரமாக எழுத வேண்டுமா என்ன? மழை நோட்டைப் பற்றி எழுது, அது போதும். அதையும் ஒரு பக்கத்தில் முடித்துக்கொள்.

குட்டிக்கு ஒரு சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். அளவு தெரியவில்லை. உயரம் எவ்வளவு என்று எழுது.

அக்கா


செப்டம்பர் 1

அக்கா,

நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை. நேற்று நடந்ததைச் சொல்கிறேன், உனக்கும் வயிறு எரியட்டும்.

படிவத்தில் முத்திரை வாங்க மாவட்ட அலுவலகத்துக்குப் போயிருந்தேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் எட்டாம் வகுப்பு வாசலில் செருப்புகள் குவிந்து கிடக்கின்றன. உள்ளே விளக்கு இல்லை. ஜன்னல் ஒன்று மட்டும் பாதி திறந்திருக்கிறது. முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் தரையில் சம்மணம் போட்டு, மடியில் நோட்டை வைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். சுவரோரம் ஒரு போட்டோக்காரர். அவருக்குப் பின்னால் மைக் செட். "சிரிக்காதீங்க, யாரும் சிரிக்கக் கூடாது" என்று கத்திக்கொண்டிருக்கிறார்.

வகுப்புத் தலைவி என்னைப் பார்த்ததும் எழுந்தாள். "டீச்சர், நாங்க என்ன தப்பு பண்ணினோம்?" என்று கேட்டாள். பெஞ்சு வந்த பிறகு எங்கள் பள்ளியில் தரையில் உட்காரவைப்பது என்றால் தண்டனை என்று ஆகிவிட்டது. காலையிலிருந்து அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்து, யார் செய்த தப்பு என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள் செய்யாத தப்பை ஒப்புக்கொண்டும்விட்டார்கள்.

பெஞ்சுகள் கழிப்பறைக்குப் பின்னால், மழையில். கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நான்கைந்து பலகை ஊறி உப்பிவிட்டது. அதைவிடக் கேள். மழைமானியையும் பிடுங்கி ஸ்டோர் ரூமில் போட்டுவிட்டார்கள். வெளியே எடுக்கும் படத்தில் அது விழுந்தால் பள்ளி வசதியானது என்று தெரிந்துவிடுமாம். நல்ல மழை பெய்த நாள். ஆறு வருடத்தில் முதல் தடவையாக நோட்டில் ஒரு கட்டம் காலி.

மைக் செட்டை நிறுத்திக் கேட்டேன். "கோவப்படாதீங்க டீச்சர். பிள்ளைங்க தரையில உக்காந்து படிக்குதுன்னு அங்கேருந்தே எழுதி அனுப்பியிருக்காங்க. அதுக்கு ஏத்த மாதிரி போட்டோ வேணும்ல? இருக்கறதக் காட்டினா உனக்கு எதுக்குன்னு கேப்பாங்க. இல்லாததக் காட்டினாத்தான் குடுப்பாங்க" என்றார். இவ்வளவையும் எனக்குப் பாடம் நடத்துகிற குரலில் சொன்னார்.

அங்கிருந்து எழுதி அனுப்பியது யார்? நம் பள்ளியைக் கண்ணால் பார்க்காத எந்தப் புண்ணியவதி இப்படி எழுதினாள்? கொக்குதானே? நீ அங்கே இருக்கிறாய். அவளிடம் நேராகக் கேள். இந்தப் படத்தைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல். நானும் பிள்ளைகளும் இன்று முழுக்கப் பெஞ்சுகளைத் துடைத்துக் காயவைத்தோம்.

தங்கை


செப்டம்பர் 29

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் தாமதம். புதிதாகத் தட்டு கழுவும் இயந்திரம் வந்திருக்கிறது, அது பண்ணுகிற சத்தத்தில் தலைவலி. அத்தானுக்கு இந்த மாதம் காலை வேலை. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. முழங்கால் பரவாயில்லை, டாக்டர் களிம்பு கொடுத்திருக்கிறார். நிஜமாகவே போனேன்.

யார் எழுதினார்கள் என்று இனிமேல் தேடுவதில் என்ன லாபம்? படம் எடுத்தாயிற்று. பெஞ்சு உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகள் நாலு நாளில் மறந்துவிடுவார்கள். நீ அந்த மனுஷனோடு முட்டிக்கொண்டு உன் இடத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. வருவதற்கு இன்னும் ஆறே மாதம். நீ வந்து நின்றாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும், நம் பள்ளி எப்படிப்பட்டது என்று.

மடக்குக் கட்டில் ஒன்று வாங்கிவிட்டோம். ஜன்னல் பக்கம் போட்டிருக்கிறேன். குட்டியின் உயரத்தை நீ எழுதவே இல்லை.

அக்கா


அக்டோபர் 14

அக்காவுக்கு,

கொக்கு எழுதிய பக்கங்கள் நேற்று வந்தன. இரண்டு பள்ளியும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும், அதற்காக அனுப்பியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தில், இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று போகிற ஆசிரியர் ஒவ்வொருவரும் கையெழுத்திட வேண்டும்.

படித்தேன். பிள்ளைகள் சிமெண்ட் தரையில் உட்கார்கிறார்கள் என்று இருக்கிறது. மூன்று வகுப்புக்கு ஒரே கூடம் என்று இருக்கிறது. மழை பெய்தால் கதவோரத்துப் பிள்ளைகள் எழுந்து போய்ச் சுவரை ஒட்டி நிற்பார்கள் என்று இருக்கிறது. அதுவரைக்கும் நான் கொக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த வரியில், ஒரு மாணவி வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாததால் தன் சின்னத் தங்கையைத் தினமும் தூக்கிவந்து மடியில் வைத்துக்கொண்டு பாடம் கேட்கிறாள் என்று இருக்கிறது. தங்கை அழுதால் டீச்சர் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிடுவார், அதனால் அவள் தன் விரலைத் தங்கைக்குச் சப்பக் கொடுப்பாள் என்று இருக்கிறது.

அந்தத் தங்கை நான்தான் அக்கா. அம்மா தையல் கம்பெனிக்குப் போன காலம். எனக்கு இரண்டு வயது, உனக்குப் பத்து. இதை உலகத்தில் உன்னையும் என்னையும் தவிர யாரும் கொக்குக்குச் சொல்லியிருக்க முடியாது.

என் எட்டாம் வகுப்பைத் தரையில் உட்காரவைத்தது மைக் செட் என்று நினைத்து ஆறு வாரமாக அவரோடு பேசாமல் இருக்கிறேன். பெஞ்சு வந்துவிட்டது என்று நான் உனக்கு எழுதியது ஜூன் மாதம். தெரிந்தே சொல்லியிருக்கிறாய். தெரிந்தே, தட்டு கழுவும் இயந்திரத்தைப் பற்றி எனக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய்.

கையெழுத்துப் போட வேண்டிய கடைசி நாள் நவம்பர் பத்து. அதற்குள் எனக்குப் பதில் வேண்டும்.

தங்கை


அக்டோபர் 27

வாலு,

பேச்சை மாற்றாமல் எழுதுகிறேன்.

முதலில் நீ சொன்னதைத்தான் சொன்னேன். மழை நோட்டு, பெஞ்சு, எல்லாம். கொக்கு கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், டீயைக் குடித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். எழுந்துபோகப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் உட்கார்ந்திருந்த நாற்காலி கையைவிட்டுப் போகிற மாதிரி இருந்தது. அப்போதுதான், நான் படிச்ச காலத்துல தரைலதான் உக்காருவோம் என்று ஆரம்பித்தேன். அவள் பேனாவைத் திரும்ப எடுத்தாள். மற்ற இரண்டு பேரும் வந்து உட்கார்ந்தது அப்போதுதான். உன்னை மடியில் வைத்திருந்ததைச் சொன்னபோது ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பவும் அப்படித்தானா?" என்று கொக்கு கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். எழுதி முடித்த பிறகு என்னிடம் படித்துக் காட்டினாள், அப்போதும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

எட்டு வருடமாக இந்த ஜன்னலில் நிற்கிறேன். என் ஊர் எது, நான் என்ன படித்தேன் என்று ஒருத்தி கேட்டதில்லை. நம்மிடம் இருப்பதைச் சொன்னால் இவர்கள் காதில் ஏறவில்லை, இல்லாததைச் சொன்னால் கைக்குட்டையை எடுக்கிறார்கள். எனக்கும் ஆத்திரம் வராது என்று நினைத்தாயா? வந்தது. ஆனால் அந்த ஆத்திரத்தைவிட உன்னைப் பார்க்க வேண்டும் என்பது பெரிதாக இருந்தது. என் தங்கைக்கு மூன்று வாரம் கிடைக்கிறது என்றால் ஒரு தலையாட்டல் என்ன பெரிய குற்றம் என்று நினைத்தேன். உங்கள் பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் படம் எடுப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஆட்டியிருக்க மாட்டேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அது உண்மையா என்று எனக்கே தெரியவில்லை.

கையெழுத்துப் போட்டுவிடு. போட்டுவிட்டு வா. வந்து, என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

அக்கா


நவம்பர் 20

அக்காவுக்கு,

நான் கையெழுத்துப் போடவில்லை.

நான்கு நாள் அந்தத் தாளைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன். ஒருநாள் போட்டுவிடுவது என்று பேனாவைத் திறந்தும்விட்டேன். அப்போது வகுப்புத் தலைவி நோட்டைக் கொண்டுவந்து, "டீச்சர், அந்தக் காலிக் கட்டத்துல பக்கத்து ஊர்க் கணக்கப் போட்டு நிரப்பிடலாமா?" என்று கேட்டாள். "கூடாது. நாம அளக்காதத எழுதக் கூடாது" என்றேன். சொன்ன வாயால் அந்தப் பக்கத்தில் எப்படிக் கையெழுத்துப் போடுவது?

பெஞ்சு இருக்கிறது, மின்விளக்கு இருக்கிறது, மழைமானி இருக்கிறது, தங்கையை மடியில் வைத்துப் படித்தது முப்பது வருடத்துக்கு முந்திய கதை என்று ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு சேர்த்தேன். மைக் செட் அதைக் கிழித்துப் போட்டார். "உங்களுக்குப் போக இஷ்டமில்லன்னா சொல்லுங்க, போறதுக்கு ஆள் இருக்கு" என்றார். ஓவிய ஆசிரியரைக் கூப்பிட்டார். அவர் ஒரு பக்கம்கூடப் படிக்காமல் என் பெயர் இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். பெஞ்சு வந்த அன்று அவரும்தான் பிள்ளைகளோடு பாட்டுப் பாடினார்.

உன் மேல் கோபம் போகவில்லை. நீ எழுதிய கடிதத்தை ஐந்தாறு தடவை படித்துவிட்டேன், அப்போதும் போகவில்லை. குட்டியின் உயரம் நாலடி. சட்டையைத் தபாலில் அனுப்பு.

தங்கை


மார்ச் 18

என் தங்கைக்கு,

நாலு மாதத்தில் மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். இதை அனுப்பிவிடுகிறேன். நாங்கள் நலம். நீங்கள் எல்லோரும் நலம் என்று நம்புகிறேன்.

நிதி கிடைத்துவிட்டதே, உங்கள் மைக் செட்டும் ஓவியரும் ஒன்பதாம் தேதி வந்து இறங்கினார்கள். அவர்கள் சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளும்படி என்னிடமே சொன்னார்கள். ஒரே பாஷைக்காரி ஆயிற்றே. ஒரு வாரம் தட்டு வைத்தேன். "நம்ம ஊர்க் கை மணம் வருதும்மா" என்றார். உங்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர் எப்படி என்று கேட்டேன். "நல்லவங்கதான், கொஞ்சம் திமிர்" என்றார். நான் யார் என்று சொல்லவில்லை.

நேற்று முன்தினம் பெரிய கூடத்தில் வரவேற்பு. பிள்ளைகள், பெற்றோர், நிதி கொடுக்கும் அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள். நான் டீத் தட்டோடு ஓரத்தில் நின்றேன். திரையில் அந்தப் படத்தைப் போட்டார்கள். சுவர் உயரத்துக்கு. முதல் வரிசையில் ஒரு பெண் பிள்ளை நேராகப் பார்க்கிறாள். நீ எழுதிய வகுப்புத் தலைவி அவளாகத்தான் இருக்க வேண்டும். என்ன தப்பு பண்ணினோம் என்று அந்தக் கண் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் எல்லோரும் ஐயோ பாவம் என்று முனகினார்கள். ஒரு பெரிய மனுஷி பையைத் திறந்து கைக்குட்டையைத் தேடினாள்.

நான் தட்டைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த அளவு அவர்கள் பாஷையில் பேசினேன். இந்தப் படம் பொய். இந்தப் பிள்ளைகளுக்குப் பெஞ்சு இருக்கிறது. படத்துக்காக அதைத் தூக்கி மழையில் போட்டார்கள். தரையில் உட்கார்ந்தது நான், என் காலத்தில். இப்போதும் அப்படியா என்று இவர்கள் கேட்டபோது நான் தலையாட்டினேன், அந்தத் தப்பு என்னுடையது. ஆனால் அந்தப் பிள்ளைகள் அளந்து வைத்திருக்கும் மழையைப் பற்றியும் அன்றே சொன்னேன், அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. உண்மையை எழுதிய டீச்சரை விட்டுவிட்டு இவர்களைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். அவள் என் தங்கை என்றேன்.

மைக் செட்டுக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. அவரைப் புகழ்கிறேன் என்று நினைத்து எழுந்து எல்லாப் பக்கமும் கும்பிட்டார். சிரிப்பு வர வேண்டிய இடம், வரவில்லை. கொக்கு முகம் வெளுத்துப் போயிற்று. "ஏன் முன்னாடியே சொல்லல?" என்று கேட்டாள். "நீங்க எழுந்து போயிடுவீங்கன்னு பயந்தேன்" என்றேன்.

நிதி அலுவலகத்து அம்மாள் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள். திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு பேரும் நாளைக்கு ஊர் திரும்புகிறார்கள். என்னையும் கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்லதுதான், முழங்காலுக்கு ஓய்வு. குட்டிக்குச் சட்டை சரியாக இருந்ததா?

உன் அக்கா


ஏப்ரல் 10

என் அக்காவுக்கு,

நாங்கள் நலம். சட்டை கொஞ்சம் பெரிது, கழற்றமாட்டேன் என்கிறாள்.

கொஞ்ச நாள் வீட்டில் இருக்கச் சொன்னார்கள் என்று எழுதியிருக்கிறாய். வேலை இல்லாவிட்டால் வேலைச் சான்று இல்லை, சான்று இல்லாவிட்டால் தாள் நகராது. ஆகஸ்டில் நீதான் எழுதினாய். இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. எனக்குத் தெரியாமல் போய்விடும் என்று முழங்காலை இழுத்துவந்து வைக்கிறாய். எழுந்து நின்றபோது உனக்கு அது தெரியும்தானே? தெரிந்துதானே தட்டைக் கீழே வைத்தாய்?

மைக் செட் வந்ததும் மெமோ கொடுத்தார். விமானத்திலேயே எழுதி வைத்திருப்பார் போலிருக்கிறது. வெளிநாட்டில் பள்ளியின் மானத்தை வாங்கிய சமையலறை ஊழியர் தங்களுக்கு என்ன உறவு, அவர் செயலில் தங்கள் பங்கு என்ன, மூன்று நாளில் விளக்கம் தேவை என்று. பள்ளியின் மானம் வெளிநாட்டில்தான் போயிற்றாம். முப்பத்தெட்டுப் பிள்ளைகளைச் செருப்பைக் கழற்றச் சொல்லி இருட்டில் உட்காரவைத்த அன்று போகவில்லையாம். என்னை இடமாற்றம் செய்யப் பார்க்கிறார். செய்யட்டும். பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் காதுக்கு விஷயம் போய்விட்டது, நேற்று இருபது பேர் அவர் அறைக்குள் புகுந்துவிட்டார்கள். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

மூன்று நாள் காத்திருக்கவில்லை. அவர் மேஜை முன்னாலேயே நின்றுகொண்டு விளக்கம் எழுதினேன். அவர் என் அக்கா. பத்து வயதில் என்னைத் தூக்கிக்கொண்டு இந்தப் பள்ளிக்கு வந்தவர். முதலில் ஒரு தப்புச் செய்தார், பிறகு அதை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். உங்களால் முதலாவதைத்தான் செய்ய முடிந்தது. என் பங்கு எதுவும் இல்லை, இருந்திருந்தால் பெருமைப்படுவேன். இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

பாடம் நடத்த முடியவில்லை. பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜூன் மாதத்திலிருந்து ஒவ்வொருவர் மேலாகக் கோபப்பட்டு வந்திருக்கிறேன், உன் மேலும்தான். அது இருந்தவரை தெம்பாக இருந்தது. இப்போது உன் மேல் கோபம் இல்லை. பதினொரு வருடம் ஆகிவிட்டது அக்கா. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும்.

உன் தங்கை